காந்தம் ஏறிய முள்

ஏனுங்க அம்மிணி, அந்த ஜன்னல் கண்ணாடியைச் சித்தெ இழுத்துச் சாத்திக்குங்க. சாரல் உள்ள அடிக்குது. உங்களுக்குத்தானுங்க சொல்றேன், சளி புடிச்சுக்கும். முடியலீங்களா? இருங்க, நானே சாத்தறேன். கையை மட்டும் எடுத்துக்குங்க. ஆங், அவ்வளவுதான்.

பஸ்ஸு இப்போதைக்குக் கௌம்பாதுங்க. முன்னாடி காட்டுமாடு நிக்குது. குட்டியும் தாயுமா ஒரு கூட்டமே ரோட்டுல படுத்துக் கெடக்குதுன்னு டிரைவர் சொல்றாரு. ஹாரன் அடிக்கப்படாது, நாம எறங்கவும் படாது. அதுங்களா மனசு வெச்சுத் தேயிலைக்குள்ள எறங்குனாத்தான் நமக்கு வழி. சும்மா ஒக்காருங்க, எந்திரிச்சுப் பாத்து என்ன பண்ணப் போறீங்க?

சங்கடப்படாதீங்க. ஆம்பளை பக்கத்துல வந்து ஒக்காந்துட்டானேன்னு நெனைக்க வேண்டாம். உங்கப்பன் வயசு எனக்கு. வேற சீட்டும் இல்லை. இருக்குதுங்களா, கடைசியிலயா? கடைசியில ஒக்காந்தா தூக்கிப் போடுமுங்க, என்ற இடுப்புக்கு ஆவாது.

உங்க ஸ்வெட்டர் கையில என்னமோ ஒட்டியிருக்குது பாருங்க. அட, இந்தப் பக்கம். இறகுத் துணுக்கு. பச்சைக் கலர்ல. ஊட்டுல கோழி வளக்கறீங்களாட்ட இருக்குது. நல்லதுங்க, வளக்கோணும்.

என்ற ஊட்டுக்காரி துணியிலயும் எந்நேரமும் இறகு ஒட்டியிருக்குமுங்க. சேலையில, தலைமுடியில, ஒரு நாள் கத்திரிக்காய்க் கொழம்புல கூட கெடந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லலை. எடுத்து ஓரமா வெச்சுட்டுச் சாப்பிட்டேன். வேற ஆம்பளையா இருந்தா தட்டு பறந்திருக்கும். அவளைக் கேட்டா அவளே சொல்லுவா. தமயந்தின்னு பேரு. அவளைக் கூட்டியாறத்தான் போயிட்டிருக்கறேன், அந்தப் பழைய சர்ச்சு ஸ்டாப்புல. எனக்கு நாச்சிமுத்துன்னு பேருங்க. பவர் ஹவுஸுல ஆப்பரேட்டரா இருந்து ரிட்டயர்டு. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு, மின்வாரியக் கேம்ப்புக்குப் பக்கத்துலயே ஒரு சின்ன ஊடு புடிச்சு இருக்கறோம். இருக்கறோம்னா, இப்ப நான் மட்டும்.

அவ என்ன வேலை செய்யறான்னு கேளுங்க. பொய் ஈ கட்டற வேலை. சிரிக்காதீங்க, நெசமாலுந்தான். மீன் புடிக்கற முள்ளு இருக்குதில்லீங்க, அதுல பொடிப் பொடியா வரும். அதை வைஸுன்னு ஒரு சின்ன இடுக்கியில கவ்வ வெச்சு, பட்டுநூலைச் சுத்தி, சேவல் கழுத்து இறகு, முயல் ரோமம், இதையெல்லாம் வெச்சு ஒரு ஈயாட்ட, ஒரு பூச்சியாட்டக் கட்டோணும். அப்பறம் முள்ளே கண்ணுக்குத் தெரியாது. வெளிநாட்டுல ஆத்துக்குள்ள நின்னுக்கிட்டு அதைத் தண்ணி மேல போடுவாங்களாம். ட்ரவுட் மீனு நெசப் பூச்சின்னு நெனைச்சு வந்து கவ்விக்கும். புழுவைக் குத்தறதெல்லாம் அவங்களுக்குக் கேவலமாம். பழைய சர்ச்சுக்கு எதுத்தாப்புல ஒரு ஷெட்டுல ஜெசிந்தா மேடம்னு ஒருத்தங்க இந்தத் தொழில் நடத்தறாங்க. பொண்ணுங்க வரிசையா ஒக்காந்து கட்டும். என்ற ஊட்டுக்காரி அங்கதான் கத்துக்கிட்டா. தெனமும் இதே பஸ்ஸுல போவா, வருவா.

எனக்கு அது புடிக்கலைன்னு சொல்ல முடியாதுங்க. ஆனா வெசனமா இருக்கும். கொண்டை ஊசி வளைவு, பாதை சரியுது, பஸ்ஸுல கூட்டம். நான் ஷிப்ட்டுல ஒக்காந்து மீட்டரைப் பாத்துட்டிருப்பேன், மனசு பூராவும் இவ ஏறுனாளா எறங்குனாளான்னே ஓடும். ஒரு நாள் மேடத்துக்கிட்ட நானே போயிப் பேசினேன். சாமானைக் குடுங்க, ஊட்டுலயே கட்டித் தரட்டும், கொண்டுவர்றது கொண்டுபோறதெல்லாம் நான் பாத்துக்கறேன்னேன். மேடம் தமயந்தியைப் பாத்து, உனக்குச் சம்மதமான்னு கேட்டாங்க. நான்தான் சம்மதம்னு சொன்னேன். அவ வாயெடுக்கறதுக்குள்ள பஸ்ஸு வந்துருச்சு.

அப்பறம் அவளுக்கு நான் செஞ்சு குடுத்ததையெல்லாம் நீங்க வந்து பாக்கோணும். ஜன்னலோரம் மேசை. மேசைக்கு விளக்கு. இறகு பறக்கப்படாதுன்னு ஃபேன் கழட்டியாச்சு. குரங்கு வந்து இறகையெல்லாம் அள்ளிரும்னு ஜன்னலுக்குக் கம்பி வலை அடிச்சேன். நல்ல கனமான வலை, டிப்போவுல வேண்டியவர் ஒருத்தர் குடுத்தாரு. கை என்ன, வெரல் கூட வெளிய நீட்ட முடியாது. மேடத்துக்கிட்ட இருந்து ஃபோன் வந்தா நானே பேசிருவேன், அவளுக்கு வேலை கெடப்படாதுன்னு. பக்கத்து ஊட்டுப் பொம்பளைங்க வந்து கதையளக்கறதைக்கூட நிறுத்திப்புட்டேன். ராணியாட்ட வெச்சிருந்தேன்னு சொல்ல வரலை. ஆனா ஒரு கொறை இல்லை.

கதவா? கதவைப் பூட்டிட்டுத்தான் போவேன். வெளியில. பின்னே என்னங்க, கேம்ப்புக்குள்ள கரடி வந்துருச்சே! ஒரு ஊட்டுக் கதவைத் தள்ளி உள்ள போயி எண்ணெய்த் தூக்கைக் கவுத்துக் குடிச்சுட்டுப் போயிருச்சு. உள்தாப்பாளை நம்ப முடியுங்களா? வெளிய பூட்டுத் தொங்குனா எனக்கு ஒரு நிம்மதி. "கரடிக்குப் பூட்டு தெரியுமுங்களா?"ன்னு ஒருக்கா கேட்டா. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா. ஒரு தடவை லைன்ல கோளாறு, நான் அடுத்த நாள் மத்தியானந்தான் திரும்புனேன். கேஸ் தீந்து போயிருக்குது. கூப்பிட்டிருக்கறா, ஆருக்கும் கேக்கலை போல. அவலைத் தண்ணியில ஊற வெச்சுத் தின்னுட்டு ஒக்காந்து ஈ கட்டிட்டிருந்தா. நான் உள்ள வந்தும் நிமுந்து கூடப் பாக்கலை. அப்படிப்பட்ட பொறுமைசாலி.

மறுபடியும் ஏன் ஜன்னலைத் தெறக்கறீங்க? மூச்சு முட்டுதுங்களா? சித்தெ நேரம் பொறுத்துக்குங்க, மாடு போயிரும். நான் சாத்தறேன், நீங்க இருங்க.

எங்க விட்டேன்? ஆங். நான் ரிட்டயர்டு ஆகறேன். இனிமே நாள் பூராவும் ஒட்டுக்கா இருக்கலாம், பூட்டுக்கும் வேலையில்லை. மேசை, கம்பி வலை எல்லாத்தையும் புது ஊட்டுக்கே கழட்டிக் கொண்டாந்து மாட்டியாச்சு. நான் அவ மேசைக்கு எதுத்தாப்புல சேரைப் போட்டு ஒக்காந்துக்குவேன். அவ கட்டுவா, நான் பாப்பேன். பாத்தாத்தானுங்க கொறை தெரியுது. முள்ளு செதறிக் கெடக்கும். ஒரு நாள் என்ற குதிகால்ல ஏறிருச்சு. அந்த முள்ளு முனையில ஒரு எதிர்முள்ளு இருக்குமுங்க, உள்ள போறது சுளுவு, வெளிய வர்றதுக்குச் சதையைக் கிழிச்சுட்டுத்தான் வரும். நான் கத்துன கத்துல அவ பதறிப் போயிட்டா. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இதுக்கு ஒரு வழி செய்யோணும்னு.

என்ற கிட்ட பழைய சவுண்டு பாக்ஸ் ஒண்ணு கெடந்துச்சு, கோயில்ல கழிச்சு விட்டது. அதுக்குள்ள இருந்த காந்தத்தைக் கழட்டினேன். தட்டைக்கல்லாட்ட இருக்கும், அந்தக் கனம். மேசைப் பலகைக்கு அடியில வெச்சு ஆணியடிச்சேன். மேல முள்ளுக் கிண்ணம். இனி எங்க போகும்? கொட்டுனாலும் மேசையை விட்டு நகராது. ஒரு முள்ளு கீழ விழுகலீங்க அதுக்கப்பறம். அவகிட்டக் காட்டுனேன். "கைக்குள்ள எல்லாம் நிக்குது பாத்தியா புள்ள?"ன்னேன். பாத்தா. "ஆமாங்க, நிக்குது"ன்னா.

கொஞ்ச நாள்ல முனக ஆரம்பிச்சா. ஒரு முள்ளை எடுத்தா கூட நாலு வருதுங்கறா. பிரிக்கறதுக்குள்ள வெரல்ல குத்துதுங்கறா. கத்தரிக்கோலைக் கிட்டக் கொண்டுபோனா முள்ளு தாவி ஒட்டுதாம். கட்டி முடிச்ச ஈயெல்லாம் டப்பாவுக்குள்ள ஒண்ணை ஒண்ணு புடிச்சுக்கிட்டு, இறகெல்லாம் நசுங்கிப் போகுதாம். முள்ளுல காந்தம் ஏறிருச்சுங்க, எடுத்துருங்கன்னா. நான் சொன்னேன், உனக்குக் கை பதறுது புள்ள, நிதானமா எடு, அஞ்சு வந்தா ஒண்ணை வெச்சுக்கோ, நாலைத் திருப்பி வை. இதுல என்ன கஷ்டம்?

அப்பறம் மேடத்துக்கிட்ட இருந்து ஃபோன். சரக்குத் திரும்பி வந்துருச்சுங்கறாங்க. வாங்குனவங்க சொன்னாங்களாம், ஈயெல்லாம் கொத்துக் கொத்தா ஒட்டிக் கெடக்குது, ஆத்துக்குள்ள போட்டா அடியில இருக்கற கருப்பு மணலு முள்ளுல தாடியாட்டப் புடிச்சுக்குது, மீனு கிட்டக்கூட வரலைன்னு. "நாச்சிமுத்து சார், ஃபோனைத் தமயந்திகிட்டக் குடுங்க"ன்னாங்க. என்ன விசயம்னு எங்கிட்டச் சொல்லுங்க, நான் சொல்லிக்கறேன்னேன். அவங்க வெச்சுட்டாங்க. படிச்சவங்க, கொஞ்சம் மரியாதை கத்துக்கலை.

மீனுக்குக் காந்தம் தெரியுமுங்களா? நீங்களே சொல்லுங்க. நான் சும்மா வாயில பேசற ஆளில்லை. அவ கட்டுன ஈ ஒண்ணை எடுத்தேன், நல்லா காந்தம் ஏறுனதாப் பாத்து. கேம்ப்புக்குக் கீழ தடுப்பணை இருக்குது, நைலான் கயித்துல கட்டி அங்க விட்டேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கெண்டை கவ்விக்கிட்டு வந்துச்சு. கெண்டையோட அப்படியே ஊட்டுக்கு நடந்தேன். அவ கம்பி வலைக்குப் பின்னாடி நின்னு பாத்துட்டிருந்தா. தூக்கிக் காட்டுனேன், கடிச்சுதா இல்லையா, சொல்லுன்னு. "கடிச்சுதுங்க. மீனுக்கு என்னங்க தெரியும், பாவம்"ன்னா. அதைத்தான நானும் சொல்றேன்!

ஆனாலும் கல்லு மனசில்லைங்க எனக்கு. அவ வெரலையெல்லாம் பாத்தேன், புள்ளி புள்ளியா ரத்தம் கட்டி. சரின்னு காந்தத்தைப் பேத்து எடுத்துட்டேன். இப்பச் சந்தோசமான்னு கேட்டேன். அவ ஒரு முள்ளை எடுத்தா. கூடவே நாலு வந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச விசயந்தான், கரண்டுலயே கெடந்தவன் நான். காந்தத்தை எடுத்துட்டாலும் இரும்புல ஏறுனது தானா எறங்காது. அத்தனை நாளு அது மேலயே கெடந்திருக்குதில்லீங்க. அப்ப மறந்துட்டேன், அவ்வளவுதான்.

அப்பத்தான் அவ சொன்னா. மேடம் ஷெட்டுல காந்தம் எறக்கற காயில் இருக்குது, நான் கொண்டுபோயி எல்லாத்தையும் எறக்கிட்டு வந்தர்றேன்னு. நான் கொண்டுபோறேன்னேன். அதுக்கு அவ, முள்ளுல மட்டுமா ஏறியிருக்குது, கத்தரிக்கோல்ல, ஊசியில, வைஸுல, எல்லாத்துலயும் ஏறியிருக்குது, எது எதுல இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்கன்னா. இவ்வளவு நீளமா அவ பேசி நான் கேட்டதில்லை. அவ எல்லாத்தையும் பைக்குள்ள எடுத்து வெச்சா. குளிருமேன்னு சேலை ரெண்டு, ஸ்வெட்டர். எதுக்காச்சும் ஆகும்னு ஆதார் கார்டு. முன்யோசனைக்காரி. அவ அம்மா போட்ட தோட்டைக்கூடக் காதுல மாட்டிக்கிட்டா. காயிலு கரண்டு வேலை, நகை போடாதேன்னு சொன்னேன், பஸ்ஸு சத்தத்துல அவளுக்குக் கேக்கலை.

தீவாளிக்கு முன்னாடிங்க அது. இப்பப் பங்குனி.

வேலை அப்படிங்க. சாதாரணமா நெனைக்காதீங்க. எத்தனை முள்ளு! ஒவ்வொண்ணா எடுத்து, எறக்கி, ஒட்டுதான்னு பாத்து, திருப்பி வைக்கோணும். அங்கயே பின்னாடி ரூம் இருக்குதாம், பொண்ணுங்க தங்கறதுக்கு. தினம் போயிட்டு வந்தா அலைச்சல்தான? தங்கிட்டா. நான் ஒண்ணும் தப்பா நெனைக்கலை.

ஒரு நாள் மனசு கேக்காமப் போனேன். சும்மா போகலைங்க, ஒரு சாமான் கொண்டுபோனேன். ஊட்டுப் பூட்டுக்கு ஒரே சாவிதான், அது எப்பவும் என்ற அரைஞாண்ல கெடக்கும். ஊட்டிக்குப் போயி அதே மாதிரி இன்னொண்ணு அடிச்சு, சின்னதா ஒரு மணி கோத்து, அவளுக்குன்னு. ஷெட்டு வாசல் கேட்டுக்கிட்ட வந்தா. கொஞ்சம் நெறம் கூடியிருந்தா. சாப்பிட்டீங்களான்னு கேட்டா. நான் சாவியை நீட்டுனேன், இந்தா புள்ள, இனி உனக்கும் ஒண்ணுன்னு. கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா. கண்ணுல தண்ணி வந்துருச்சு அவளுக்கு. சந்தோசத்துல. அப்பறம் என்ற சட்டைப் பையில அவளே போட்டுட்டா. "இப்ப எதுக்குங்க இது"ன்னா. தொலைஞ்சு போயிரும்னு பயம். "பஸ்ஸு போயிரும், கௌம்புங்க"ன்னா. பஸ்ஸு வர இன்னும் நேரம் கெடந்துச்சு.

இந்தப் பையில என்னன்னு பாக்கறீங்களா? பாருங்க, தொட்டுப் பாருங்க. காயிலு. நானே சுத்துனது. எரிஞ்சு போன மோட்டார்ல இருந்து செம்புக் கம்பியை உருவி, ஒரு சுத்து மேல ஒரு சுத்தாப் பிசகாமச் சுத்துனேன். பிளக்கைச் சொருகி, முள்ளுக் கிண்ணத்தை அப்படியே இந்த ஓட்டைக்குள்ள விட்டு, மெதுவா வெளிய இழுத்தாப் போதும். மொத்தக் கிண்ணமும் எறங்கிரும். கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள ஆயிரும்ங்க. ஒவ்வொண்ணா எடுக்கோணும்னு அவசியமே இல்லை.

என்னங்க? ஆமாங்க, ஒவ்வொண்ணா எடுக்கோணும்னு இப்பத்தான் சொன்னேன். அது அவங்க காயிலு. அவங்க காயிலு எப்படியோ. சின்னதா இருக்கும். நான் பாத்ததில்லை.

இதைக் குடுத்துட்டா அவ அங்க இருக்கோணும்னு அவசியமில்லை பாருங்க. ஊட்டுலயே எறக்கிக்கலாம். மேசை அப்படியேதான் இருக்குது. நான் தொடலை. கம்பி வலையை மட்டும் கழட்டிட்டேன். குரங்கு வந்து மேசை மேல ஒக்காந்துக்குது, நான் எதுத்தாப்புல சேர்ல ஒக்காந்துக்கறேன். வரட்டும்னு விட்டுட்டேன். சத்தமில்லாத ஊடு இருக்குது பாருங்க அம்மிணி, அதுல ஒக்காந்திருக்கறது பெரிய கொடுமைங்க. கதவு தெறந்துதான் கெடக்குது. ஆனா எந்திரிச்சுப் போக ஒரு எடம் தெரியலை. அவ எப்படி அத்தனை நாளு ஒக்காந்திருந்தாளோ. அவளுக்கு வேலை இருந்துச்சு. அதான்.

மாடு எறங்கிருச்சாட்ட இருக்குது. ஆமா, நகருது. பாத்தீங்களா, பொறுமையா இருந்தா எல்லாம் வழி விடும்.

என்னங்க தம்பி? கேட்டீங்களா அம்மிணி, இந்தக் கண்டக்டர் தம்பிக்கு எப்பவும் வெளையாட்டுத்தான். "நாச்சிமுத்தண்ணா, பழைய சர்ச்சு வருது, இந்த வாரமாச்சும் எறங்கறீங்களா, இல்லை ஊட்டிதானா?"ங்கறாரு. டிக்கெட்டு ஊட்டிக்குத்தான் எடுத்திருக்கறேன். கேக்காமயே கிழிச்சுக் குடுத்துட்டாரு, நானும் வாங்கிக்கிட்டேன்.

அப்படிப் பாக்காதீங்க. ஆமாங்க, வாரா வாரம் வர்றேன். காயிலையும் கொண்டுவர்றேன். எறங்கத்தான் வர்றேன். ஒரு வாரம் பாத்தா மழை, காயிலு நனைஞ்சுரும். ஒரு வாரம் கேட்டு சாத்திக் கெடக்கும். ஒரு வாரம் எல்லாம் சரியா இருந்துச்சு, காலு எந்திரிக்கலை. ஊட்டிக்குப் போயி ஒரு டீயைக் குடிச்சுட்டு இதே வண்டியில திரும்பிருவேன். போறப்பயும் வர்றப்பயும் ஷெட்டு ஜன்னல் தெரியும். குனிஞ்ச தலைங்க வரிசையாத் தெரியும். எது அவ தலைன்னு கண்டுபுடிக்கறதுக்குள்ள வளைவு வந்துரும்.

நீங்களும் இங்கதான எறங்கறீங்க? தெரியுமுங்க. நீங்க ஏறும்போதே பாத்துட்டேன். கோழி வளக்கறவங்க துணியில பச்சைச் சாயம் போட்ட இறகு ஒட்டாது. பின்னாடி சீட்டு காலியா இருந்ததும் தெரியும். கோவிச்சுக்காதீங்க. அங்க இருந்து வர்ற ஒருத்தரு பக்கத்துல கொஞ்ச நேரம் ஒக்காரலாம்னுதான்.

என்ன சொன்னீங்க? தமயந்தி அக்காவா? அக்கான்னு கூப்பிடறீங்களா அவளை? உங்களுக்கு அவதான் கத்துக் குடுக்கறாளா? கத்துக் குடுக்கறதுன்னா பேசோணுமே. பேசறாளா? ஓ. சிரிக்கறாளா? சத்தமாவா? அந்த ஷெட்டு முழுக்கக் கேக்கற அளவுக்கா? இல்லை, நீங்க வேற தமயந்தியைச் சொல்றீங்களோன்னு... காதுல சிவப்புக்கல்லுத் தோடா? அவதான். அவதானுங்க.

எங்க ஊட்டுல அவ சத்தமாச் சிரிச்சு நான் கேட்டதே இல்லீங்க.

ஸ்டாப்பு வந்துருச்சு. இருங்க, இருங்க, நான் எந்திரிச்சாத்தான நீங்க போக முடியும். இந்தாங்க, இந்தப் பையைப் புடிங்க. அவகிட்டக் குடுத்துருங்க, நான் குடுத்தேன்னு... இல்லை. வேண்டாங்க. திருப்பிக் குடுங்க. இதைக் குடுத்தா இன்னைக்குச் சாயங்காலமே எல்லா முள்ளும் எறங்கிரும். அப்பறம் நாளைக்கு நான் என்னன்னு நெனைச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பேன்?

என்னங்க அம்மிணி? அந்த முள்ளெல்லாம் அக்கா வந்த அன்னைக்கே... வேண்டாம். அதைச் சொல்லாதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், சொல்லாதீங்க.

எந்திரிக்கறேன், எந்திரிக்கறேன். இதோ. போங்க. பாத்து எறங்குங்க, படி வழுக்கும்.

தம்பி, ஒரு நிமிசம் விசிலடிக்காதீங்க. அம்மிணி! இங்க, ஜன்னல்கிட்ட வாங்க. அவ கேட்டான்னா... கேக்க மாட்டா. நீங்களாச் சொல்லுங்க. ஊட்டுல ஒண்ணும் அவசரமில்லையாம்னு சொல்லுங்க. முள்ளு நெறையக் கெடக்குது, ஒவ்வொண்ணா எடுத்து மெதுவாவே எறக்கட்டும்னு சொல்லுங்க. எத்தனை நாளானாலும் சரியாம்னு. போங்க சாமி, நனையாதீங்க.

ரைட்டு சொல்லுங்க தம்பி. இல்லைங்க, ஜன்னலைச் சாத்த வேண்டாம். அந்த வளைவு வரைக்கும் ஷெட்டு தெரியும்.